நின்றுபோன ஆலையும் பின்விளைவு இழப்பும்

ஒன்றைத் தொடர்ந்து பின்னர் விளைவது என்று பொருள்படும் ‘கான்சிக்வென்ஷியல்’ என்னும் ஆங்கில அடைமொழி, ஒப்பந்தச் சட்டத்தில் பேச்சுவழக்கினும் மிகக் குறுகிய பொருளில் ஆளப்படுகிறது. அக்குறுக்கத்தின் வேர், 1853இல் இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரில் நின்றுபோன ஒரு மாவாலையில் உள்ளது. ஹாட்லி குடும்பத்தார் நடத்திய அவ்வாலையின் நீராவி எந்திரத்தில், முன்பின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு முறிந்தது. புதியதைச் செய்வதற்கு முறிந்ததே மாதிரியாகத் தேவைப்பட்டதால், அதனைக் கிரீனிச்சிலிருந்த தொழிலகத்தில் சேர்க்கும் பணி பிக்ஃபோர்டு என்னும் சரக்குப் போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. தண்டு தாமதமாகப் போய்ச் சேர்ந்தமையால் ஆலை மேலும் சில நாட்கள் நிற்க, அந்நாட்களின் ஆதாயத்தை உரிமையாளர்கள் இழப்பீடாகக் கோரினர்.

நடுவர் குழு அவர்களுக்குச் சார்பாக முடிவுசெய்தபோதிலும், 1854இல் எக்ஸ்செக்கர் நீதிமன்றத்தின் சார்பில் தீர்ப்புரைத்த நீதிபதி ஆல்டர்சன், மறுவிசாரணைக்கு ஆணையிட்டு, ஈடு பெறத்தக்க இழப்பை இரண்டாகப் பகுத்தார். ஒப்பந்த மீறலிலிருந்து இயல்பாகவே எழுவது ஒன்று. ஒப்பந்தம் செய்த வேளையிலேயே, அறிவிக்கப்பட்ட தனிச்சூழலின் காரணமாக, இருதரப்பாரும் எதிர்நோக்கியிருக்கக்கூடியது மற்றொன்று. ஆலையாரிடம் மாற்றுத் தண்டு இருந்திருக்கவும் கூடும். ஆகவே தாமதத்தால் ஆலையே நிற்கும் என்பது இவ்விரண்டிலும் அடங்கவில்லை என்று நீதிமன்றம் கருதியது. ஆலை நின்றது போக்குவரத்து எழுத்தரிடம் கூறப்பட்டதாக வழக்கறிக்கையின் தலைக்குறிப்பு சொல்வது தவறான எண்ணத்தைத் தருவதாக, 1949இல் விக்டோரியா சலவையக வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. தீர்ப்பின் நியாயம் முழுவதும் அறிவிப்பைச் சார்ந்திருப்பதால் இத்திருத்தம் சிறிதன்று.

‘பின்விளைவு (கான்சிக்வென்ஷியல்) இழப்புக்குப் பொறுப்பில்லை’ என்று வணிகர்கள் ஒப்பந்தங்களில் எழுதிய விலக்கு வாசகத்தை, 1978இல் குரௌடேஸ் வழக்கில் ஆங்கில மேல்முறையீட்டு நீதிமன்றம், இயல்பாக எழும் முதல்வகை இழப்பைத் தொடாததாகவே கொண்டது. மீறலை நேரே தொடரும் ஆதாய இழப்புக்கு அவ்வாசகம் காப்பாகாது என்பது, அதனை வெளிப்படையான பொருளில் படித்துக் கையொப்பமிடும் வணிகருக்குப் பொறியாகவே அமையும். முன்தீர்ப்பின் உறுதிக்காகச் சொல்லின் தெளிவில் கொடுத்த விலை பெரிது.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 73ஆம் பிரிவில் ஆல்டர்சன் வகுத்த விதியை ஏற்று, தொலைவான, மறைமுகமான இழப்புக்கு ஈடில்லை எனக் கூறி, ஆலை உவமையையும் உடன் தருகிறது. ஆலை நின்றிருப்பதை அறிந்தும் எந்திரத்தைத் தாமதப்படுத்தியவர், அந்நாட்களின் சராசரி ஆதாயத்தை ஈடுசெய்ய வேண்டும். அத்தாமதத்தால் ஆலையார் இழந்த அரசு ஒப்பந்தத்துக்கு அவர் பொறுப்பாகார்.