கயானா நாட்டுத் தமிழர்: பொதுவாக எழும் வினாக்களும் வரலாறு தரும் விடைகளும்

முன்னுரை

தமிழர் புலப்பெயர்வு பற்றிப் பேசும்போது இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், மொரிசியசு, தென்னாப்பிரிக்கா, பிஜி ஆகிய நாடுகளே நம் நினைவுக்கு முதலில் வருகின்றன. தென்னமெரிக்காவின் வடகரையில் உள்ள கயானா இவ்வரிசையில் இடம்பெறுவது அரிது. அண்மையில் செங்காங் வட்டாரத்தில் தமிழாசிரியர் சிலருடன் புலப்பெயர்வு வரலாறு குறித்து உரையாட நேர்ந்தது. அப்பொழுது கயானாவைக் குறிப்பிட்டவுடன் வினாக்கள் தொடர்ந்து எழுந்தன. கயானா ஆப்பிரிக்காவில் உள்ளதா? அங்குத் தமிழர் உளரா? அவர்கள் தமிழ் பேசுகின்றனரா? பேசவில்லையெனில் அவர்களைத் தமிழர் எனல் தகுமா?

இவ்வினாக்கள் எளியனவாகத் தோன்றினும் கடைசி இரண்டும் நம் பணியோடு நேரடித் தொடர்புடையவை. ஒரு சமூகம் தன் மொழியை இழப்பது எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிவதற்குக் கயானா ஒரு தக்க சான்றாகும். ஆகவே, ஆசிரியர் எழுப்பிய வினாக்களின் வரிசையிலேயே விடைகளைத் தொகுத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கயானா எங்குள்ளது?

பெயர் ஒலிப்பின் ஒப்புமையால் கயானாவைக் கானா என்றும் கினி என்றும் கருதுவோர் பலர். அவ்விரண்டும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகள். கயானாவோ வடக்கே அட்லாண்டிக் பெருங்கடலையும், மேற்கே வெனிசுவேலாவையும், தெற்கே பிரேசிலையும், கிழக்கே சுரிநாமையும் எல்லைகளாகக் கொண்ட தென்னமெரிக்க நாடாகும். இதன் பரப்பு ஏறத்தாழ 2,15,000 சதுர கிலோமீட்டர். 2012ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மக்கள் தொகை 7,46,955. பரப்பில் சிங்கப்பூரைப் போல் நூறு மடங்குக்கும் மிகுதியான இந்நாட்டில், சிங்கப்பூர் மக்களில் ஏழில் ஒரு பங்கினரே வாழ்ந்துள்ளனர்.

கயானா என்னும் பெயர் 'பல நீர்கள் உடைய நிலம்' எனப் பொருள்படும் தொல்குடிச் சொல்லிலிருந்து வந்தது என்பர். எசெக்கிபோ, டெமராரா, பெர்பீஸ், கோரண்டைன் ஆகிய ஆறுகள் இந்நாட்டின் வரலாற்றையே வகுத்தன. பொட்டாரோ ஆற்றில் உள்ள கையட்டூர் அருவி 226 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வீழ்ச்சியாக விழுகின்றது. உள்நாடு பெரும்பாலும் காடாதலின் மக்களில் மிகப் பெரும்பாலோர் ஒடுங்கிய கடற்கரைச் சமவெளியிலேயே வாழ்கின்றனர்.

அச்சமவெளியின் பெரும்பகுதி கடல் ஏற்றத்தின்போது நீர்மட்டத்திற்குக் கீழே அமைவது. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் கரைகள் எழுப்பியும் வாய்க்கால்கள் வெட்டியும் மதகுகள் அமைத்தும் இந்நிலம் கரும்புத் தோட்டங்களாக்கப்பட்டது. அவ்வேலையைச் செய்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். அவர்கள் மண்வெட்டிகொண்டு அகற்றிய ஈரக் களிமண் பத்துக் கோடி டன்னுக்குக் குறையாது என்னும் மதிப்பீட்டைக் கயானா வரலாற்றறிஞர் வால்டர் ரோட்னி தம் நூலில் எடுத்துக்காட்டுகிறார். பின்னர் வந்த தமிழர் கால்வைத்த வயல்கள், பிறர் உழைப்பால் கடலிடமிருந்து மீட்கப்பட்டவை என்பதை நாம் மறத்தலாகாது.

தலைநகரின் பெயர் ஜார்ஜ் டவுன். இப்பெயர் நமக்குப் புதிதன்று. பினாங்கின் தலைநகரும் ஜார்ஜ் டவுன்; சென்னையின் பழைய கறுப்பர் நகரமும் பின்னாளில் ஜார்ஜ் டவுன் எனப் பெயர் மாற்றம் பெற்றது. கயானா, பினாங்கு நகரங்கள் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரையும், சென்னைப் பகுதி ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரையும் தாங்கின. ஒரே பேரரசின் கப்பல்கள் தமிழரை எத்தனை திசைகளில் கொண்டுசென்றன என்பதற்கு இப்பெயர்களே சான்று.

தென்னமெரிக்காவில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட ஒரே நாடு கயானா. அதன் பண்பாட்டு உறவுகள் கரீபியத் தீவுகளோடு நெருக்கமானவை. கரீபியச் சமூகக் கூட்டமைப்பின் தலைமையகம் ஜார்ஜ் டவுனில் உள்ளது. கயானா ஆட்டக்காரர்கள் மேற்கிந்தியத் தீவுகள் கிரிக்கெட் அணிக்காகவே ஆடுகின்றனர்.

தமிழர் அங்குச் சென்றது எவ்வாறு?

1814ஆம் ஆண்டில் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியருக்கு முறைப்படி மாறிய மூன்று குடியேற்றங்கள் 1831இல் பிரித்தானியக் கயானா என ஒன்றிணைக்கப்பட்டன. 1834இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அதன்பின் நிலவிய கட்டாயப் பயிற்சிமுறையும் 1838 ஆகஸ்டு முதல் நாளில் முடிவுற்றது. விடுதலை பெற்றவர்கள் தோட்டங்களைவிட்டு நீங்கத் தொடங்கவே, முதலாளிகள் மாற்று உழைப்பாளரைத் தேடினர்.

1838 மே 5ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து விட்பி, ஹெஸ்பெரஸ் என்னும் இரு கப்பல்கள் 396 இந்தியருடன் வந்து சேர்ந்தன. தொழிலாளர் துன்புறுத்தப்பட்ட செய்தி வெளியானதும் ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டு, 1845இல் மீண்டும் தொடங்கியது. அவ்வாண்டிலேயே சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. 1917 வரை கயானாவிற்குச் சென்ற இந்தியர் ஏறத்தாழ 2,39,000 பேர். அவர்களுள் சென்னை வழியாகச் சென்றோர் ஏறக்குறைய 15,000 பேரே. அவர்களுள்ளும் பெரும்பாலோர் 1860களின் தொடக்கத்திற்குள் சென்றுவிட்டனர். தமிழரும் தெலுங்கரும் அடங்கிய இக்குழுவினர் அனைவரும் 'மெட்ராசி' என்னும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டனர்.

சென்னை ஆள்சேர்ப்பு ஏன் குன்றியது? இரண்டு காரணங்கள் குறிப்பிடத்தக்கன. முதலாவது, சென்னையிலிருந்து வந்தோர் வயல் வேலைக்குத் தகுதியற்ற நகரத்தார் என்றும், குடிப்பழக்கம் உடையோர் என்றும் தோட்ட முதலாளிகள் கொண்டிருந்த தவறான எண்ணம். இரண்டாவது, தமிழர்க்கு அண்மையிலேயே வேறு வழிகள் இருந்தமை. இலங்கைக்கோ பினாங்கிற்கோ சென்று சில ஆண்டுகளில் ஊர் திரும்ப இயலும். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி டெமராராவை அடையப் பாய்மரக் கப்பலுக்கு மூன்று மாதங்கள் அளவில் ஆகும். தமிழ்மொழி அங்கு வாழ்ந்ததா என்னும் வினாவிற்கான விடை, இத்தொலைவிலும் இச்சிறுபான்மை நிலையிலும் பெரிதும் அடங்கியுள்ளது.

இன்று அவர்கள் தமிழ் பேசுகின்றனரா?

இல்லை என்பதே நேரிய விடை. கயானாவில் தமிழ் அன்றாடப் பேச்சுமொழியாக இன்று வழங்கவில்லை. ஆனால் இதனை 'மறந்துவிட்டனர்' என்னும் ஒற்றைச் சொல்லால் முடித்துவிடுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. மொழி தேய்ந்தமைக்கான காரணங்களை நாம் வரிசைப்படுத்திக் காணலாம்.

முதலாவதாக, இந்தியருள் மிகப் பெரும்பாலோர் கல்கத்தா வழி வந்த போஜ்புரி, அவதி மொழியினர். தோட்டக் குடியிருப்புகளில் தமிழ்க் குடும்பங்கள் அவர்களிடையே சிதறி வாழ்ந்தன. இரண்டாவதாக, தொடக்கக் காலக் கப்பல்களில் பெண்கள் மிகக் குறைவு. ஆதலின் பிறமொழிக் குடும்பங்களோடு மணவுறவு இயல்பாயிற்று. மூன்றாவதாக, 1860களுக்குப்பின் புதிய தமிழர் வருகை பெரும்பாலும் நின்றது. ஊரிலிருந்து புதிதாக வருவோர் இல்லாத இடத்தில் மொழி தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இயலாது. நான்காவதாக, கல்வி ஆங்கிலத்தில் அமைந்தது. இந்தியச் சமய நிறுவனங்கள் கற்பித்த மொழி இந்தி. தமிழைக் கற்பிக்க நிலையான பள்ளியோ தமிழ் இதழோ வேரூன்றவில்லை.

இழப்பு தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. பெரும்பான்மையினரின் போஜ்புரியும் கயானாவில் பேச்சுவழக்கிலிருந்து மறைந்து, ஆங்கிலக் கிரியோல் அனைவர்க்கும் பொதுமொழியாயிற்று. கோரண்டைன் ஆற்றுக்கு அப்பால் உள்ள சுரிநாமில் நிலை வேறு. அங்கு 1873 முதல் குடியேறிய வட இந்தியரின் மொழி சர்னாமி என்னும் பெயரில் இன்றும் வாழ்கிறது. ஓர் ஆற்றின் இரு கரைகளில் இரு முடிவுகள். மொழியின் வாழ்வு மக்களின் பற்றினால் மட்டும் அமைவதன்று, சூழலாலும் அமைவது என்பதை இது காட்டுகிறது.

எஞ்சியது யாது?

மொழி சென்ற பின்னும் பெயர்கள் எஞ்சின. 2015 முதல் 2020 வரை கயானாவின் பிரதமராக இருந்தவர் மோசஸ் நாகமுத்து. கோரண்டைன் கரையில் மெட்ராசிகளின் வாழ்வைப் பொருளாகக் கொண்டு அவர் எழுதிய ஆங்கில நாவல் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. மேற்கிந்திய அணிக்காகச் சுழற்பந்து வீசியவர் வீராசாமி பெர்மால். பெர்மால் என்பது நம் பெருமாளே. எழுத்துக்கூட்டல் மாறினும் பெயர் தன் ஊரைச் சொல்கிறது.

பெயரினும் ஆழமாக எஞ்சியது வழிபாடு. கயானாவில் 'காளி மாய் பூசை' எனப்படுவது, பெயரளவில் வடநாட்டுச் சாயல் உடையதேனும் மாரியம்மன் வழிபாட்டின் தொடர்ச்சியே. பெர்பீஸ் பகுதிக் கோயில்களில் மாரியம்மனுடன் மதுரை வீரன், காட்டேரி, முனீஸ்வரன் ஆகிய தெய்வங்களும் வழிபடப்படுகின்றன. முனீஸ்வரன் அங்கு 'முனிஸ்பிரன்' ஆகிறார். நாகூர் ஆண்டவரும் இவ்வரிசையில் இடம்பெறுகிறார். வேப்பிலை, கரகம், உடுக்கை, அருள்வந்து ஆடுதல் ஆகிய யாவும் உண்டு. பறையொத்த தோற்கருவி அங்கும் 'தப்பு' என்றே வழங்குகிறது. பூசாரிகள் தமிழ்ச் சொற்களை வாய்மொழியாகக் கற்று ஓதுகின்றனர். பொருள் அறியாத இடத்தும் ஒலியைக் காத்துள்ளனர்.

இவ்வழிபாடு எளிதில் நிலைத்ததன்று. உயிர்ப்பலியையும் அருளாடலையும் வைதிகச் சார்புடைய அமைப்புகள் இழிவாகக் கருதின. கிறித்தவச் சமயப் பணியாளர்கள் மூடநம்பிக்கை என்றனர். எனினும் நோயுற்றோர் இனவேறுபாடின்றி இக்கோயில்களை நாடினர். அவர்களுள் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களும் இருந்தனர். பிற்காலத்தில் நியூயார்க்கிற்கும் டொராண்டோவிற்கும் குடிபெயர்ந்த கயானியர் இவ்வழிபாட்டையும் உடன்கொண்டு சென்றனர்.

இவ்விடத்தில் நாம் செங்காங்கிற்குத் திரும்புவோம். செங்காங் ரிவர்வேல் கிரசெண்டில் அருள்மிகு வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயம் அமைந்துள்ளது. தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா நினைவுச்சின்னமாகப் பேணப்படுகிறது. சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் தோன்றிய மாரியம்மன் கோயில் உள்ளது. பெர்பீஸில் ஒரே கூரையின்கீழ் நிற்கும் தெய்வங்கள் சிங்கப்பூரில் வெவ்வேறு தெருக்களில் உள்ளனர். கிழக்கு நோக்கிய கப்பலும் மேற்கு நோக்கிய கப்பலும் ஏற்றிச்சென்ற நம்பிக்கை ஒன்றே.

அவர்களைத் தமிழர் எனல் தகுமா?

மொழியே தமிழர் என்பதற்கு முதல் அடையாளம் எனக் கொள்வோர்க்கு இவ்வினா இடர் தருவது. நாம் கருதுவது இது: வேறு யாரும் வழங்காத ஒரு பெயரை, இழிவுக் குறிப்போடு வழங்கப்பட்ட காலத்திலும் விடாது தாங்கி, அதற்குரிய வழிபாட்டைத் தலைமுறைதோறும் கைமாற்றிய மக்களை நம் வரலாற்றிலிருந்து விலக்க நமக்கு உரிமையில்லை. அவர்கள் தமிழ் பேசுவோர் அல்லர். ஆயினும் தமிழர் வரலாற்றின் மக்கள்.

எனினும் இவ்விடையோடு அமைதியடைந்துவிடலும் இயலாது. வழிபாடு எஞ்சியமை மொழி எஞ்சியமைக்கு ஈடாகாது. பொருள் அறியாது ஓதப்படும் சொல் அடுத்த தலைமுறையில் ஒரு புதுத் தொடரை ஈன்றெடுக்காது. கடிதமாகவோ கதையாகவோ வழக்காகவோ அது வளராது. தெய்வம் மொழியின்றியும் குடிபெயரும். மொழியோ பள்ளியும் இதழும் வீட்டுப் பேச்சும் இன்றிக் குடியிருக்காது.

முடிவுரை

சிங்கப்பூரில் தமிழ் வாழ்வது தமிழரின் எண்ணிக்கையால் அன்று. ஊரோடு அறாத தொடர்பு, 1887இல் தோன்றிய 'சிங்கை நேசன்', 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு', பள்ளிகளில் தமிழ், 1965க்குப் பின்னும் நிலைபெற்ற ஆட்சிமொழித் தகுதி ஆகிய அமைப்புகளே அதனைத் தாங்கின. கயானாவில் இவற்றுள் ஒன்றேனும் கிட்டவில்லை. இவ்வேறுபாட்டை நம் பற்றின் மேன்மையாகக் கருதிப் பெருமிதம் கொள்வதற்கு இடமில்லை.

2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உடைய சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் மிகுதியும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர், ஆங்கிலம் பேசுவோர் 48.3 விழுக்காட்டினர். பள்ளியும் இதழும் ஆட்சிமொழித் தகுதியும் இங்கு உள்ளன. வீட்டுப் பேச்சு ஒன்றே குறைந்துவருகிறது. கயானாவில் அமைப்புகள் இல்லாமையால் வீடு தோற்றது. இங்கு வீடு கைவிடின் அமைப்புகள் எத்துணைக் காலம் தாங்கும் என்பதே நம்முன் உள்ள வினா.

'அவர்கள் ஏன் தமிழை விட்டனர்?' என மாணவர் வினவும்போது, கோரண்டைன் கரையின் வரலாற்றை ஆசிரியர் முழுமையாகக் கூறுதல் வேண்டும். அவ்வரலாற்றைக் கேட்ட மாணவன், அன்றிரவு தன் வீட்டில் எம்மொழியில் உணவு கேட்கிறான் என்பதைத் தானே எண்ணிப் பார்ப்பான். அவ்வெண்ணத்தை எழுப்புதல் இப்பாடத்தின் பயனாகும்.