ஐயாண்டு மகவும் எழுத்துத் தொடக்கமும்

மகவுக்கு எழுத்தறிவித்தலைத் தொடங்குதற்கு ஐந்தாம் ஆண்டினையே நம் முன்னோர் உரிய பருவமாகக் கொண்டனர். வடநூலார் அதனை அக்ஷராப்பியாசம் என்றும் வித்தியாரம்பம் என்றும் வழங்குப. தமிழ்நாட்டில் விசயதசமி அதற்கு ஏற்ற நன்னாளாக இன்றும் போற்றப்படுகின்றது. பள்ளி இன்னதென்றே அறியாத இளங்குழவியை அதற்கு எங்ஙனம் ஆயத்தம் செய்தனர் என்பதே ஈண்டு ஆராயற்பாலது. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளோடு தொடர்புடைய பெரியார் ஒருவர் வரலாறு இதற்குப் பெருந்துணையாகும். இவ்விரு பகுதிகளும் நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துள் அடங்கியிருந்து, 1995-இல் பெரம்பலூர் மாவட்டமாகப் பிரிந்தன. அதனின்று அரியலூர் 2001-இல் பிரிந்து, மீளவும் சேர்ந்து, 2007-இல் தனி மாவட்டமாக நிலைபெற்றது.

சென்னை மாகாணக் கவர்னராக இருந்த சர் தாமசு மன்றோ, நாட்டுப் பள்ளிகளின் நிலையை விசாரித்து எழுதுமாறு 1822-இல் கலெக்டர்கட்கு ஆணையிட்டார். அதற்குப் பல்லாரிக் கலெக்டர் காம்பெல் 1823-இல் விடுத்த மறுமொழி எழுத்துத் தொடக்கச் சடங்கினை விரித்துரைக்கின்றது. பிள்ளைக்கு ஐந்தாண்டு நிரம்பியதும் பெற்றோர் ஆசிரியரையும் அவர்பால் பயிலும் மாணாக்கரையும் தம் இல்லத்திற்கு அழைப்பர். அனைவரும் விநாயகர் திருவுருவைச் சூழ்ந்திருப்பர். பிள்ளை அத்திருவுருவிற்கு நேரெதிரே அமர்த்தப்படும். ஆசிரியர் அருகிருந்து தூபமிட்டு வழிபாடாற்றி, அறிவருளுமாறு வேண்டும் துதியைப் பிள்ளையைச் சொல்லச் செய்வர். பின்னர்ப் பிள்ளையின் விரலைப் பற்றிப் பரப்பிய அரிசியில் இறைவன் திருநாமத்தை எழுதுவிப்பர். பெற்றோர் தம் தகுதிக்கேற்ப வழங்கும் காணிக்கையைப் பெற்று ஆசிரியர் ஏகுவர். மறுநாட் காலையிற் பிள்ளையின் கல்வி தொடங்கும்.

பல்லாரி தெலுங்கும் கன்னடமும் வழங்கும் நாடேயாயினும், விநாயகரை முன்வைத்து அரிசியில் எழுதுவிக்கும் வழக்கம் நம் நாட்டிற்கும் உரியதே. இதன்கண் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பிள்ளை பள்ளிக்குச் செல்லுமுன் பள்ளியே பிள்ளையின் வீட்டிற்கு வந்துவிடுகின்றது! தாய் அருகிருக்க, பழகிய கூடத்திலே, தன் விரலைப் பற்றும் ஆசிரியர் கையைப் பிள்ளை முதன்முதல் உணர்கின்றது. நாளை உடனிருந்து பயிலும் சிறாரையும் கண்டுகொள்கின்றது. அச்சந்தீர்க்க இதனினும் எளிய வழி வேறு யாதுளது? சடங்கென்று இகழ்ந்து தள்ளுவார் இதனைச் சிறிது எண்ணிப் பார்ப்பாராக.

அரிசிக்குப் பின் மணல். மணலுக்குப் பின் ஓலை. இம்முறைவைப்பும் காரணம்பற்றியதே. ஓலையை இடக்கையில் ஏந்தி எழுத்தாணியால் கீறுதல் வளர்ந்தார்க்கும் பயிற்சி வேண்டுவதாம். சிறிது அழுந்தினும் ஓலை கிழியும். அழுந்தாவிடின் எழுத்துப் பதியாது. ஐயாண்டுக் கைக்கு அது இயலாமையின், விரலால் மணலில் எழுதி, எழுதும்போதே அவ்வெழுத்தின் ஒலியை வாய்விட்டுச் சொல்லிப் பழகினர். பிழைத்தால் அழித்துவிடலாம், ஓலைச் செலவும் இல்லை. சென்னை எழும்பூர் ஆண்பிள்ளைகள் அநாதைச் சாலையில் மேற்பார்வையாளராயிருந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளிச் சிறார் மணலில் எழுதுதலைக் கண்டு அதனைத் தம் சாலையிற் புகுத்தினார். 1797-இல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். நம் திண்ணை மணல் அங்ஙனம் கடல்கடந்து ஆங்கிலச் சிறாரிடத்தும் சென்றது.

சுவடி பெறும் நிலை வந்தபின், மஞ்சள் பூசிக் கரி தடவிய ஓலையைக் கொடுப்பர். கரி, கீறிய எழுத்தைக் கண்ணுக்குப் புலப்படுத்தும். பாடத் தொடக்கத்திற் சிறார் கூவிய ‘அரி நமோத்து சிந்தம்’ என்னும் தொடரில், ‘சிந்தம்’ என்பது ‘சித்தம்’ என்பதன் திரிபென்றும், அது சமண ஆசிரியர் வழக்கினின்று வந்ததென்றும் அறிஞர் கூறுவர். சைவப் பிள்ளைகளும் அதனைப் பன்னூறாண்டு பொருளறியாது ஓதியது வியப்பே.

இனி, தொடக்கத்தில் இருந்த இனிமை திண்ணையில் நெடிது நின்றதெனக் கூறுதல் உண்மையாகாது. பிரம்பும் கோதண்டமும் சட்டாம்பிள்ளையின் அதிகாரமும் அங்கே காத்திருந்தன. அன்றியும் அத்திண்ணை எல்லார்க்கும் உரியதாகவும் இல்லை. மன்றோ 1826-இல் எழுதிய குறிப்பின்படி மாகாணத்துப் பள்ளிகள் 12,498, பயின்றோர் 1,88,650, அவருள் பெண்மக்கள் 4,540 பேரே. பழமையைப் போற்றுவார் இவ்வெண்ணையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.

இனி, மேற்குறித்த பெரியார் டாக்டர் உ. வே. சாமிநாதையர். 1855 பிப்ரவரி 19-இல் பிறந்த அவர் தம் ஊராகிய உத்தமதானபுரத்துத் திண்ணைப் பள்ளியிற் பயின்றவர். 1940 முதல் ஆனந்த விகடனில் வெளிவந்த ‘என் சரித்திரம்’ அப்பள்ளிகளின் நிலையை விளங்க உரைக்கின்றது. தந்தையார் வேங்கடசுப்பையர், உடையார்பாளையம் சமஸ்தானத்துக் கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். அரியலூர்ச் சமஸ்தானத்து ஆதரவையும் பெற்றவர். இராமாயணப் பிரசங்கத்தால் ஊர்தோறும் பொருள்பெற்றுக் குடும்பம் புரந்தவர். எனவே எழுத்து கைவருமுன்னரே இசையும் கதையும் அப்பிள்ளையின் செவியிற் புகுந்தன. எழுத்தறிவிக்குமுன் செவியைப் பண்படுத்தும் இவ்வாயத்தம் அரிசியும் மணலும் தரவொண்ணாதது.

அரியலூரிற் சடகோபையங்கார் அச்செவியைத் தமிழின்பால் திருப்பினார். இசையும் தமிழும் வல்ல அவ்வாசிரியர் வறுமையுற்றிருந்தும் பாடஞ்சொல்வதில் குறைவைத்திலர். தமக்குத் தமிழ்ச்சுவையை முதலில் ஊட்டியவர் அவரே என்று ஐயர் முதுமையிலும் நினைந்துருகினார். பின்னர், மகனுக்குத் தமிழ் கற்பிப்பார் இருக்குமிடம் நாடித் தந்தையார் குடியிருப்பையே மாற்றலானார். இன்று பள்ளியை முன்னிட்டு வீடு மாற்றுவார்க்கு இச்செய்தி புதிதாகத் தோன்றாது. ஆயின் அன்று அவர்க்கு நிலையான ஊதியமில்லை, ஊராரின் நெல்லும் அன்புமே வருவாய் என்பதை எண்ணுதல் வேண்டும். குன்னத்திற் சிதம்பரம் பிள்ளையிடமும், கார்குடியிற் கஸ்தூரி ஐயங்காரிடமும், பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் ஐயர் பாடங்கேட்டார். யாப்பருங்கலக் காரிகையை அவர்க்குக் கற்பித்தவர் விருத்தாசல ரெட்டியாரே. இவ்வளவும் கேட்டு முடிந்த பின்னும் தந்தையார் அமைந்திலர். 1871-இல் மகனை அழைத்துக்கொண்டு மாயூரம் சென்று, திருவாவடுதுறை ஆதீன வித்துவான் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் ஒப்புவித்தார்.