நாற்காலி மாறினால் நோய் மாறுமா?

ஆட்சியில் ஒருவரைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் இன்னொருவரை உட்கார வைத்தால் மக்கள் உடனே இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். "அப்பாடா, இனி எல்லாம் சரியாகிவிடும்" என்று ஒரு பக்கம். "யாரையோ காப்பாற்ற யாரையோ பலி கொடுத்துவிட்டார்கள்" என்று இன்னொரு பக்கம். 2020 ஜூன் 12, வெள்ளிக்கிழமையன்று சென்னையில் நடந்ததும் இதுதான். அன்று தமிழக சுகாதாரத்துறைச் செயலாளர் பீலா ராஜேஷ் வணிகவரி, பதிவுத்துறைக்கு மாற்றப்பட்டார். அவர் இடத்துக்கு ஜெ.ராதாகிருஷ்ணன் வந்தார்.

ஒரு அதிகாரியின் மாற்றத்துக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். ஆனால் இவர் கோப்புகளுக்குப் பின்னால் இருந்த அதிகாரி அல்ல! ஊரடங்கு தொடங்கிய நாட்களிலிருந்து மாலையானால் டி.வி.யில் தோன்றி, இன்று எத்தனை பேருக்குக் கொரோனா, எத்தனை பேர் வீடு திரும்பினார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று சொல்லி வந்தவர். சீரியல் பார்த்த வீடுகளெல்லாம் அந்தப் பேட்டியைப் பார்த்தன. அவர் கட்டிவரும் புடவையைப் பற்றிக்கூட இணையத்தில் பேசினார்கள். அப்படிப்பட்டவர் திடீரென்று மாற்றப்பட்டதும் மக்களுக்கு வீட்டுக்குத் தெரிந்த ஒருவரை மாற்றியது போலவே இருந்தது.

அந்த வாரம் சென்னை எப்படி இருந்தது?

கோயம்பேடு சந்தையில் பரவிய தொற்று நகரையே புரட்டிப் போட்டிருந்தது. மே 5 அன்று சந்தை மூடப்பட்டது. கோயம்பேடும் மேற்கு மாம்பலமும் மாநகராட்சியின் ஒரே மண்டலத்தில், அதாவது கோடம்பாக்கம் மண்டலத்தில் இருப்பவை. மாம்பலத்துக்குக் காய்கறி வருவதும் அங்கிருந்துதான். அதனால் பயம் தெருவாசலுக்கே வந்துவிட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வாழும் முதியவர்கள் நிறைந்த பகுதி மேற்கு மாம்பலம். மாத்திரை வாங்க வெளியே போகலாமா, வேலைக்கார அம்மாவை வரச் சொல்லலாமா என்பதையெல்லாம் அவர்கள் அந்த மாலை நேர எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவு செய்தார்கள்.

ஜூன் 10 அன்று தி.மு.க. எம்.எல்.ஏ. ஜெ.அன்பழகன் கொரோனாவால் இறந்தார். 2001-ல் தியாகராய நகர் தொகுதியில் வென்றவர், அந்தப் பகுதி மக்களுக்கு நன்கு பழகிய முகம். இந்தியாவில் கொரோனாவுக்குப் பலியான முதல் எம்.எல்.ஏ. அவர்தான். இரண்டே நாளில் மாநிலத்தின் மொத்த பாதிப்பு 40,000-ஐத் தாண்டியது. அன்றே செயலாளரும் மாற்றப்பட்டார்.

இரண்டு கணக்குகள்

கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்னையில் யார் இறந்தாலும் மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். சுகாதாரத்துறையின் தினசரி அறிக்கையோ மருத்துவமனைகள் அனுப்பும் தகவலை வைத்துத் தயாராவது. இந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை, மாநகராட்சிப் பதிவில் இருந்த இருநூறுக்கும் மேற்பட்ட மரணங்கள் மாநில அறிக்கையில் இல்லை என்று ஜூன் மாதத்தில் செய்தி வந்தது. எதிர்க்கட்சிகள் கொதித்தன. "எங்கள் வீட்டுச் சாவு கணக்கில் இருக்கிறதா?" என்ற கேள்வி சாதாரண மக்களிடமும் எழுந்தது.

புதிதாக வந்தவர் மேல் மக்களுக்கு நம்பிக்கை இருந்ததற்கும் காரணம் உண்டு. 2004-ல் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தின்போது ராதாகிருஷ்ணன் தஞ்சாவூர் கலெக்டர். அதே ஆண்டு இறுதியில் வந்த சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கலெக்டர். 2012 முதல் 2019 வரை இதே சுகாதாரத்துறைக்குச் செயலாளர். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், மாற்றப்பட்ட பீலா ராஜேஷ் எம்.பி.பி.எஸ். படித்தவர், வந்தவர் படித்தது கால்நடை மருத்துவம்!

"அமைச்சர் அப்படியே இருக்க, ஒரு பெண் அதிகாரி மட்டும் ஏன் போக வேண்டும்?" என்று கேட்டவர்களும் குறைவில்லை. அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

என்னதான் மாறியது?

நோய் உடனே குறையவில்லை. ஜூன் 19 முதல் சென்னையில் மறுபடி முழு ஊரடங்கு வந்தது. ஜூன் 30 அன்று நகரில் மட்டும் ஒரே நாளில் 2,000-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று. ஜூலை நடுவில்தான் அது 1,200 அளவுக்கு இறங்கியது. அதற்குக் காரணம் ஒரு நாற்காலி அல்ல. தெருத்தெருவாக நடந்த காய்ச்சல் முகாம்களும், வீடு வீடாகக் கதவைத் தட்டிக் காய்ச்சல் உண்டா என்று கேட்ட களப்பணியாளர்களும், கூடிக்கொண்டே போன பரிசோதனைகளும் அதில் பெரும்பங்கு வகித்தன. இவற்றில் பல ஜூன் 12-க்கு முன்பே தொடங்கியவை.

ஆனால் ஒன்று மாறியது. இறப்புகளைச் சரிபார்க்க அமைத்த குழுவின் முடிவு ஜூலை 22 அன்று வெளியானது. விடுபட்டிருந்த 444 மரணங்கள் ஒரே நாளில் கணக்கில் சேர்ந்தன. மாநிலத்தின் மொத்த இறப்பு 3,000-ஐத் தாண்டியது. இப்படி ஒப்புக்கொள்வது எந்த அரசுக்கும் கசப்பான வேலைதான்.

இதே நாட்களில் பிரேசிலில் நடந்ததையும் பார்க்க வேண்டும். ஏப்ரல் 16 அன்று அதிபர் போல்சனாரோ சுகாதார அமைச்சர் மண்டெட்டாவை நீக்கினார். மக்கள் ஜன்னல் ஓரத்தில் நின்று பாத்திரங்களைத் தட்டி எதிர்ப்புக் காட்டினார்கள். அடுத்து வந்தவரும் ஒரே மாதத்தில் விலகினார். ஜூன் தொடக்கத்தில் மொத்த இறப்பு எண்ணிக்கையே அரசின் இணையதளத்திலிருந்து மறைந்தது. உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் திரும்பி வந்தது. அங்கே ஆள் மாறியபின் கணக்கு மறைந்தது, இங்கே ஆள் மாறியபின் கணக்கு வெளியே வந்தது.

கதை இதோடு முடியவில்லை. 2021 மே மாதம் ஆட்சியே மாறியது. சி.விஜயபாஸ்கர் போய் மா.சுப்பிரமணியன் சுகாதார அமைச்சரானார். ஆனால் செயலாளர் ராதாகிருஷ்ணனைப் புதிய அரசும் மாற்றவில்லை. இரண்டாம் அலையின் உச்சத்தில் இருந்தது தமிழகம். 2022 ஜூன் வரை அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

இனி எந்தத் துறையில் யாரை மாற்றினாலும் கைதட்டுவதற்கோ திட்டுவதற்கோ முன்னால் மக்கள் ஒன்றைக் கேட்கலாம்: புதிதாக வந்தவர் பழைய கணக்கைத் திறந்து காட்டுவாரா? அந்த 444 பேரின் குடும்பங்களுக்கு 2020-ல் கிடைத்த பதில் தாமதமானதுதான். என்றாலும் அவர்கள் வீட்டுச் சாவு கடைசியில் கணக்கில் ஏறியது.