ஒரே கரை, இரு நிர்வாகங்கள்: புதுச்சேரியின் வடபகுதியில் எல்லைக்கோடும் கடலோர ஒழுங்குமுறையும்

புதுச்சேரி நகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே செல்வோர் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்திற்குள் நுழைகின்றனர். பொம்மையார்பாளையத்தைக் கடந்ததும் பிள்ளைச்சாவடியில் மீண்டும் புதுச்சேரிக்குள் வருகின்றனர். கனகசெட்டிக்குளத்திற்கு அப்பால் மறுபடியும் தமிழ்நாடு. இவ்வூர்களின் மீனவர் பெரும்பாலும் பட்டினவர் சமூகத்தினர். எல்லை கடந்து கொள்வினை கொடுப்பினை உடையோர். எனினும் கரையில் வீடு கட்டுவதற்கு அவர்களுக்கு ஒரே விதி பொருந்துவதில்லை. இவ்வேறுபாட்டின் வேர் சுற்றுச்சூழல் சட்டத்தில் மட்டும் இல்லை, காலனிய எல்லையிலும் உள்ளது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

பிரெஞ்சு நிலங்கள் ஆங்கிலேயர் நிலங்களின் இடையே துண்டுதுண்டாகக் கிடந்தன. 1814ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையால் பிரான்சுக்கு மீண்ட பின்னரும் அச்சிதறல் நீடித்தது. 1954 நவம்பர் 1இல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு, மக்களின் விருப்பத்தை அறியாமல் இப்பகுதிகளின் தனி நிர்வாக நிலையை மாற்றலாகாது என்றது. 1962 ஆகத்து 16இல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, பழைய எல்லையும் அதனுடன் நிலைபெற்றது.

1991 பிப்ரவரி 19இல் வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை நாடு முழுமைக்கும் ஒன்றே. ஆனால் அது கரையை வகைப்படுத்தும்போது உள்ளாட்சியின் தகுதியைப் பார்க்கிறது. நகராட்சி எல்லைக்குள் கரைவரை பெரிதும் கட்டடம் எழும்பிய பகுதி இரண்டாம் வகை. அங்கு ஏற்கெனவே உள்ள சாலை அல்லது கட்டடத்தின் நிலப்புறத்தில் கட்டலாம். ஊரகப் பகுதி மூன்றாம் வகை. அங்கு உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்திற்குத் தடை. காலாப்பட்டு உழவர்கரை நகராட்சியைச் சார்ந்தது. அடுத்துள்ள பொம்மையார்பாளையம் ஊராட்சி. நகராட்சிக்குள் இருப்பதாலேயே இரண்டாம் வகை கிடைத்துவிடாது. எனினும் அதனைக் கோரும் வாயில் உண்டு. ஊராட்சிக்கு அவ்வாயிலும் இல்லை. 2011ஆம் ஆண்டு அறிவிக்கை மீனவர் குடியிருப்புகளுக்கு 100 முதல் 200 மீட்டர் வரையான பகுதியில் சில சலுகைகளைத் தந்தது. 2019 சனவரியில் வந்த அறிவிக்கை, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகப் பகுதிகளுக்குத் தடையை 50 மீட்டராகக் குறைத்தது. நெருக்கமாக வாழ்வதே தகுதியாகிவிட்ட விந்தை இது.

இக்கோடுகளை மணல் அறியாது. சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்புவது அதனினும் குறைவு. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்திற்காக எழுப்பிய அலைதடுப்புச் சுவர்கள் இந்நகர்வை மறித்தன. நகரின் முன்னிருந்த மணற்கரை மறைந்தது, கற்சுவர் எழுந்தது. சுவர் முடியும் இடத்தில் அரிப்பு தொடங்கும் என்பதால் அது குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் எனப் படிப்படியாக வடக்கே நகர்ந்து தந்திராயன்குப்பத்தை அடைந்தது. அதாவது, புதுச்சேரி அரசின் துறைமுகம் தின்ற கரைக்குத் தமிழ்நாடு அரசு கல் கொட்ட வேண்டியதாயிற்று. பின்னர் பொம்மையார்பாளையமும், புதுச்சேரிக்கு உரிய பிள்ளைச்சாவடியும் கரை இழந்தன. 2022 டிசம்பரில் மாண்டசு புயலின்போது பிள்ளைச்சாவடியில் வீடுகள் கடலில் விழுந்தன. மக்கள் கேட்டது கற்சுவரும் தூண்டில் வளைவும். அவற்றைத் தருவது அடுத்த ஊரின் கரையைக் கேட்பதற்கு ஒப்பு.

அரிப்பினால் கரை உள்வாங்கினால் உயர் ஓதக் கோடும் உள்வாங்கும். வரைபடம் புதிதாக்கப்படும்போது, அசையாமல் நின்ற வீடு தடைப் பகுதிக்குள் வந்துவிடுகிறது. இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க விதி இடம் தந்தாலும், பிரிந்து குடிபோகும் மகனுக்குப் புதுவீடு கட்டுவது கடினமாகிறது. தன் ஊரின் கரையைக் குறைத்த துறைமுகத்தைப் பற்றி அவ்வீட்டுக்காரர் தமிழ்நாட்டின் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திடம் முறையிட்டுப் பயனில்லை. அது அவ்வாணையத்தின் எல்லைக்கு வெளியே உள்ளது. புதுச்சேரியின் ஆணையத்திற்கோ அவர் வெளியூரார்.