நூற்று நாற்பது துடிப்பு

"புள்ளத்தாச்சி ஓடலாமா?" என்ற கேள்விக்கு 1985-இல் ஓர் எண் பதிலாக வந்தது: 140. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பான ஏகாக் அந்த ஆண்டு வெளியிட்ட நெறிமுறை அது. கர்ப்பிணி உடற்பயிற்சி செய்யும்போது இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 140-ஐத் தாண்டக்கூடாது. கடுமையான பயிற்சி 15 நிமிடத்துக்கு மேல் கூடாது.

அந்தக் காலத்தை வைத்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. 1982-இல் ஜேன் ஃபோண்டாவின் வீடியோ வந்து, ஏரோபிக்ஸ் அமெரிக்க வீடுகளின் கூடத்துக்குள் நுழைந்திருந்தது. மருத்துவர்களுக்கோ இரண்டு பயம். ரத்தம் தசைகளுக்குப் போனால் கருப்பைக்குக் குறையுமோ? தாயின் உடல் சூடு சிசுவைப் பாதிக்குமோ? கைவசம் ஆய்வுகள் குறைவு. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கோடு போட்டார்கள்.

அந்தக் கோடு நிலைக்கவில்லை. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு 10, 20 ஏறிவிடுகிறது. துடிப்பை மட்டும் எண்ணி, ஒருத்தி எவ்வளவு சிரமப்படுகிறாள் என்று சொல்ல முடியாது. ஜேம்ஸ் கிளாப் என்ற மருத்துவர், ஓட்டத்தையும் ஏரோபிக்ஸையும் விடாத கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார். ஆரோக்கியமான அந்தப் பெண்களின் குழந்தைகளிடம் பயந்த கேடு தென்படவில்லை. 1994-இல் ஏகாக் அந்த எண்ணைக் கைவிட்டது. சிக்கல் இல்லாதவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான பயிற்சி என்கிறது 2020-ஆம் ஆண்டு அறிக்கை.

அளவுகோலும் எளிதாகிவிட்டது: பயிற்சி செய்துகொண்டே பேச முடியுதா? முடிந்தால் சரி. கீழே விழக்கூடிய, வயிற்றில் அடிபடக்கூடிய விளையாட்டுகள் வேண்டாம். ரத்தப்போக்கு, தலைசுற்றல், நெஞ்சுவலி, நீர்க்கசிவு, எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போகணும். தொடங்கும் முன்பும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

'உடனே நிறுத்து' என்ற இடத்தில்தான் நான் நின்றுவிடுகிறேன். "நாங்கல்லாம் நாத்து நட்டுக்கிட்டே பெத்தோம்" என்று நம்மூர்ப் பாட்டிகள் சொல்வார்கள். அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் அதை உடற்பயிற்சிக்குச் சாட்சியாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். தலை சுற்றினால் பாயை மடித்துவிட்டு உட்காரலாம், அது பயிற்சி. வரப்பில் போய் உட்கார்ந்தால் அன்றைய கூலி போய்விடும், அது வேலை. துடிப்பை எண்ணிய நெறிமுறைகள் எல்லாம் நிறுத்த முடிந்தவளுக்காக எழுதப்பட்டவை. நிறுத்த முடியாதவளின் நாடியை அன்றைக்கு யாரும் பிடித்துப் பார்க்கவில்லை.