1943 வங்காளப் பஞ்சம்: பட்டினி கிடந்தது யார்?

வங்காளப் பஞ்சம் என்றாலே பலருக்கும் சர்ச்சில் ஞாபகம்தான் வரும். அவருடைய பங்கைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. அதிகம் பேசப்படாத இன்னொரு விஷயம் இருக்கிறது. லட்சக்கணக்கான மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் யார், என்ன தொழில் செய்தவர்கள், எந்த ஊரிலிருந்து வந்தவர்கள் என்று அரசாங்கத்துக்கே சரியாகத் தெரியாது!

முதலில் பின்னணியைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மா அரிசி வருவது நின்றது. எதிரி கையில் சிக்கிவிடக்கூடாது என்று கடலோர மாவட்டங்களில் படகுகளை அரசு பறிமுதல் செய்தது. அக்டோபர் 16 அன்று மிதுனாப்பூர் பக்கம் பெரும்புயல் அடித்தது. நெற்பயிரில் நோயும் பரவியது. 1942 டிசம்பரில் கல்கத்தாவில் மணங்கு (சுமார் 37 கிலோ) 13, 14 ரூபாய்க்கு விற்ற அரிசி, அடுத்த மே மாதம் 30 ரூபாயைத் தாண்டியது.

அரசு அப்போது கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: மாகாணத்தில் மொத்தம் எவ்வளவு அரிசி இருக்கிறது? போதுமான அளவு இருக்கிறது, பதுக்கல்காரர்கள்தான் பிரச்சினை என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1943 ஜூனில் பதுக்கலைத் தேடி கிராமம் கிராமமாகப் போனார்கள். ஆனால் பெரிய வியாபாரிகள் இருந்த கல்கத்தாவையும் ஹவுராவையும் விட்டுவிட்டார்கள். கிராமங்களிலும் பெரிதாக எதுவும் சிக்கவில்லை. வீடு வீடாகப் போனவர்கள் பானையில் அரிசி இருக்கிறதா என்று பார்த்தார்கள். அந்த வீட்டுக்காரர் கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று கேட்பது அவர்கள் வேலையாக இருக்கவில்லை.

அந்த மொத்தக் கணக்கும் உருப்படியான கணக்கு இல்லை என்பதுதான் வேடிக்கை. ரயத்துவாரி முறை இருந்த சென்னை மாகாணத்தில் ஊருக்கு ஊர் கர்ணம் உண்டு. எந்த வயலில் என்ன பயிர் என்று எழுதுவது அவர் வேலை. வங்காளத்தில் 1793லேயே ஜமீன்தாரி முறையை நிரந்தரமாக்கிவிட்டதால், ஜமீன்தார் வரியைக் கட்டினால் போதும், ஊர்க்கணக்கு அரசுக்குத் தேவைப்படவில்லை. விளைச்சல் எவ்வளவு என்பதற்குக் கடைசியில் கிராமத்துச் சௌகிதார், அதாவது ஊர்க்காவலர், சொல்லும் குத்துமதிப்புதான் ஆதாரம். நூற்றைம்பது வருஷம் கழித்து அந்த அலட்சியத்துக்கு விலை கொடுத்தவர்கள் ஜமீன்தார்கள் அல்ல.

மக்களிடம் நேரில் போய்க் கேட்டது கல்லூரிக்காரர்கள்தான். கல்கத்தா பல்கலைக்கழக மானுடவியல் துறை ஆசிரியர் தாரக் சந்திர தாஸ், 1943ல் மாணவர்களையும் சக ஆசிரியர்களையும் கூட்டிக்கொண்டு, கல்கத்தா நடைபாதைகளில் கிடந்த குடும்பங்களிடம் விவரம் கேட்டார். ஊர், தொழில், நிலம் இருந்ததா, குடும்பத்தில் எத்தனை பேர் மிச்சம்... பசியில் கிடப்பவரிடம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து கேட்பது எவ்வளவு சங்கடமான வேலை என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலோர் பக்கத்து 24 பர்கானா மாவட்டத்துக்காரர்கள் என்று தெரிந்தது. அவர்களில் விவசாயக் கூலிகள் மிக அதிகம்.

அடுத்து வந்தவர் மஹலனோபிஸ். இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர். எல்லா வீட்டுக்கும் போகாமல், சரியாகத் தேர்ந்தெடுத்த சில கிராமங்களை வைத்தே முழு மாகாணத்தையும் கணக்கிடும் முறையை, சணல் பயிரில் 1937 முதலே சோதித்து வந்தவர். பஞ்சம் தணிந்த பிறகு அவரும் ராமகிருஷ்ண முகர்ஜி, அம்பிகா கோஷ் இருவரும் வங்காளக் கிராமங்களில் மாதிரி ஆய்வு நடத்தி 1946ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மோசமாக அடிபட்டவர்கள் நிலமில்லாத கூலிகள், மீனவர்கள், வண்டி, படகு ஓட்டிகள், நெல் குத்திப் பிழைத்த பெண்கள். சொந்த நிலத்தில் பயிரிட்டவர்களும் குத்தகைக்குப் பயிரிட்டவர்களும் ஓரளவு தாக்குப்பிடித்தார்கள். குத்தகைக்காரருக்குக் கிடைத்தது நெல். கூலிக்காரருக்குக் கிடைத்தது காசு. அரிசி விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகும்போது இந்த வித்தியாசம் உயிர் போகும் வித்தியாசம்.

இதில் நாவிதர்களின் கதை தனி. அரிசி விலை ஏறினால் மக்கள் முதலில் நிறுத்துவது முடிவெட்டுவதைத்தான். மீனும் பாலும்கூட அப்படித்தான். அதை விற்று அரிசி வாங்குகிறவர்கள், ஊரில் அரிசி இருக்கும்போதே பட்டினி கிடந்தார்கள்.

இந்தத் தகவல்கள் பல வருஷம் ஆய்வு இதழ்களில் தூங்கின. 1943ல் சாந்திநிகேதனில் ஒன்பது வயதுச் சிறுவனாகப் பஞ்சத்தைப் பார்த்த அமர்த்தியா சென் அவற்றைத் தூசி தட்டி, 1981ல் வந்த தன் புத்தகத்தில் பயன்படுத்தினார். அவர் கணக்குப்படி 1943ல் வங்காளத்தில் இருந்த அரிசி, பஞ்சமே வராத 1941ஐவிட 13 சதவீதம் அதிகம். இந்த எண்ணை மறுப்பவர்கள் இருக்கிறார்கள். பயிர் நோயின் சேதம் சரியாகக் கணக்கில் வரவில்லை என்பது அவர்கள் வாதம். சௌகிதார் கணக்கை வைத்து அந்தச் சண்டை லேசில் முடியாது. ஆனால் யார் அதிகம் செத்தார்கள் என்பதில் இவ்வளவு சண்டை இல்லை. அதை நேரில் கேட்டு எழுதி வைத்திருந்தார்கள் அல்லவா?

நிவாரணம் என்றால் அரிசி மூட்டை அனுப்புவது மட்டுமல்ல, கூலி வேலை கொடுத்து வாங்கும் சக்தியைத் தருவது என்ற வாதம் இதிலிருந்து பலம் பெற்றது. புதிய யோசனையும் இல்லை. 1880களில் எழுதப்பட்ட பஞ்ச விதித்தொகுப்புகளிலேயே சோதனை வேலைகள் உண்டு. குறைந்த கூலிக்கும் கூட்டம் வந்தால் பஞ்சம் என்று அர்த்தம். வங்காள அரசு 1943ல் பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை. அதனால் அந்த விதிகளும் அமலுக்கு வரவில்லை.

இறந்தவர் எண்ணிக்கையிலும் இதே கதைதான். கல்கத்தா மானுடவியல் துறை தன் மாதிரி ஆய்வை வைத்து 34 லட்சம் என்றது. அரசு அமைத்த விசாரணைக் கமிஷன் அதை ஏற்காமல் 1945ல் 15 லட்சம் என்றது. அந்த 15 லட்சத்தைக் கணக்கிட்டவர் கமிஷன் உறுப்பினர் அய்க்ராய்ட். நம் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநர். 1974ல் எழுதிய புத்தகத்தில், அது குறைவான மதிப்பீடு என்று அவரே ஒப்புக்கொண்டார். சாலையோரம் விழுந்து செத்தவர்களை அது சரியாகச் சேர்க்கவில்லை. கிராமத்தில் சாவைப் பதிவு செய்ய வேண்டியவரும் அதே சௌகிதார்தான். பஞ்சத்தில் பல ஊர்களில் சௌகிதாரே செத்துப்போயிருந்தார், அல்லது வேலையை விட்டுப் போயிருந்தார்.