பீரங்கி உப்பும் ஆயாவோட உப்புக்கண்டமும்

மக்களே, இது கறிப் பதிவு. சைவ நண்பர்கள் இந்த ஒண்ணை மட்டும் ஸ்கிப் பண்ணிடுங்க :)

எங்க ஊரு செஞ்சி. வெளியூர் நண்பர்கள் வந்தா ராஜகிரி அடிவாரத்துல இருக்குற தானியக் களஞ்சியத்துக்குத்தான் முதல்ல கூட்டிப்போவேன். 1690-லேர்ந்து 1698 வரைக்கும் ராஜாராம் உள்ளே இருக்க, முகலாயப் படை வெளியே முற்றுகை போட்டுச்சே, அந்தக் கோட்டை அத்தனை வருஷம் நின்னதுல மதிலுக்குப் பாதிப் பங்குன்னா சோத்துக்கு மீதிப் பாதி.

நெல்லைக் கொட்டி வெச்சா கெடாது. கறி? அதுக்கு நம்ம ஊர்ல உப்புக்கண்டம். எங்க ஆயா ஆட்டுக்கறியை மெல்லிசா அரிஞ்சு, உப்பும் மஞ்சளும் தடவி, நூல்ல கோத்து வெயில்ல தொங்கவிடும். ஒரு தடவை மூணு நாளா மேகமூட்டம். நாலாவது நாள் ஆயா கறியைத் தொட்டுப் பார்த்துட்டு மொத்தத்தையும் குழிதோண்டிப் புதைச்சிடுச்சு. "நல்லாத்தானே ஆயா இருக்கு?"ன்னு கேட்டேன். "கொழகொழங்குதுடா. போயிடுச்சு"ன்னு முடிச்சிடுச்சு. ரெண்டு கிலோ கறி! அன்னிக்கு எனக்கு அழுகையே வந்துச்சு.

இது மறுபடி ஞாபகம் வந்தது ஜெர்மனியில. ஆன்சைட் போயிருந்தப்ப கூட வேலை பார்த்தவரோட அப்பா, ரிட்டையர்டு கசாப்புக்காரர், ஒரு சனிக்கிழமை சாசேஜ் பண்ணக் கூப்பிட்டார். புத்தகமும் கிடையாது, விளக்கமும் கிடையாது. "செய், நான் பார்க்குறேன்" அவ்வளவுதான். முதல் ஈடு சொதப்பல். வெறுங்கையால ரொம்ப நேரம் பிசைஞ்சதுல கை சூட்டுக்குக் கொழுப்பு உருகிடுச்சு. வெந்ததும் ரவை மாதிரி உதிர்ந்துச்சு. ரெண்டாவது ஈட்டுல குடலை டைட்டா நிரப்பி, முறுக்கும்போது டமார்! மூணாவதுலதான் ஐஸ் போட்டுப் பிசையணும், குடல்ல கொஞ்சம் இடம் விடணும்னு கைக்குப் புரிஞ்சுது.

ஒரு விஷயத்துல மட்டும் பெரியவர் என்னை நம்பல. உப்பு. அதை அவரே தராசுல நிறுத்துப் போட்டார். அது சாதா உப்பு இல்லை, நைட்ரைட் கலந்த உப்பு. அதுக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை இருக்கு.

முன்னாடியெல்லாம் ஐரோப்பாவுல கறிக்கு வெடியுப்பு சேர்ப்பாங்க. ஆமாங்க, பீரங்கி மருந்துல முக்கால் பங்கு இருக்குமே, அதே பொட்டாசியம் நைட்ரேட்! பாட்னா பக்கம் மண்ணைக் கரைச்சுக் காய்ச்சி எடுத்ததை கம்பெனிக்காரங்க கப்பல் கப்பலா ஏத்திட்டுப் போனாங்க. வெடியுப்பு போட்டா கறி சிவப்பா இருக்கும், சீக்கிரம் கெடாது. ஏன்னு யாருக்கும் தெரியாது. அப்பன் போட்டான், மகனும் போட்டான். ஆபீஸ்ல பழைய கோடுல "இந்த லைனை எடுக்காதே"ன்னு ஒரு கமெண்ட் இருக்குமே, அந்த மாதிரி.

அந்த லைன் என்ன வேலை செய்யுதுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. வுர்ட்டம்பெர்க்ல சாசேஜ் சாப்பிட்டவங்க பார்வை மங்கி, மூச்சு நின்னு செத்தாங்க. யுஸ்டினஸ் கெர்னர்ங்கிற டாக்டர் 1820-ல 76 பேரோட விவரத்தை எழுதினார். 1822-ல அது 155 ஆச்சு. அந்த விஷத்தைத் தானே கொஞ்சம் ருசிச்சும் பார்த்தார் மனுஷன். 1895-ல பெல்ஜியத்துல எல்லெசெல் கிராமத்துல பன்னித்தொடை சாப்பிட்டு மூணு பேர் செத்தப்ப, எமில் வான் எர்மங்கெம் அதுக்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடிச்சார். காத்து இல்லாத இடத்துல வளர்ற கிருமி. குடலுக்குள்ள அடைச்ச ஈரக்கறியைவிட அதுக்கு வசதியான வீடு ஏது? லத்தீன்ல சாசேஜுக்கு பொட்டுலஸ்னு பேர். அதான் வியாதிக்கு பொட்டுலிசம்னு பேர் வந்துச்சு. வெடியுப்பு கறிக்குள்ள நைட்ரைட்டா மாறித்தான் கிருமியைத் தடுக்குது.

அப்போ நைட்ரைட்டையே நேரா போட்டா? போட்டாங்க. அளவு கூடிப்போய் அதுலயும் ஆளுங்க செத்தாங்க. 1934-ல ஜெர்மனியில சட்டமே வந்துச்சு: சாதா உப்போட அரை சதவீதம் மாதிரி கலந்துதான் விக்கணும். அளவு மீறினா விஷமாகுறதுக்கு முன்னாடியே வாயில வைக்க முடியாதபடி கரிக்கும். தப்பு பண்றவனையும் காப்பாத்துற டிசைன். நான் பார்த்த எந்த சாஃப்ட்வேர்லயும் இவ்வளவு அழகான வேலிடேஷன் இல்லை.

இப்போ ஆயாவுக்கு வருவோம். கறியை மெல்லிசா அரிஞ்சா உள்ளே காத்துப்படாத இடம் குறைவாத்தான் இருக்கும். செஞ்சிப் பாறைச் சூட்டுல சீக்கிரம் காஞ்சிடும். குளிர்நாட்டுக்காரனுக்கு வெயில் இல்ல, அதனால குடல், புகை, வெடியுப்புன்னு சுத்திவளைச்சுப் போனான். நமக்கு வெயிலே போதும். அந்த வெயில் ஏமாத்தின வாரம், ஆயா கெர்னரையும் எர்மங்கெமையும் படிக்காமலே குழி வெட்டுச்சு.

எதைச் செய்யணும்னு அந்தப் பெரியவர்கிட்ட ஒரே நாள்ல ஓரளவு கத்துக்கிட்டேன். எதைத் தூக்கிப் போடணும்னு தெரிஞ்சுக்கத்தான் வருஷக்கணக்காகும் போல.

உங்க வீட்டுல உப்புக்கண்டம் எப்படிப் போடுவாங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க. மழைக்காலத்துல என்ன பண்ணுவாங்கன்னும் சேர்த்து!